கோலாலம்பூரின் பழைய நகரை உறவினர்களுக்குக் காட்ட வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்:

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம். வருகிற பள்ளி விடுமுறையில் நாமக்கல்லிலிருந்து என் பெரியப்பாவின் பேரன், தன் மனைவியோடும் பன்னிரண்டு வயது மகளோடும் எங்கள் வீட்டுக்கு வருகிறான். பெரியப்பா குடும்பத்தோடு ஊர் திரும்பியவர்; என் அப்பா இங்கேயே பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், தங்கிவிட்டவர். அதற்குப் பிறகு அந்தக் கிளையிலிருந்து மலேசிய மண்ணை மிதிக்கப் போகிறவர்கள் இவர்கள்தாம்.

கோலாலம்பூரில் இரண்டு நாள் தங்குவதாகத் திட்டம். பார்க்க விரும்பும் இடங்களின் பட்டியலை முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள்: இரட்டைக் கோபுரம், கே.எல். கோபுரம், மீன் காட்சியகம், பேரங்காடிகள். அவற்றையெல்லாம் காட்டத்தான் போகிறேன். 452 மீட்டர் உயரக் கட்டடத்தை அண்ணாந்து பார்க்க ஆசைப்படும் குழந்தையைத் தடுக்க எனக்கு மனம் வராது. ஆனால் இரண்டாம் நாளை முழுதாகப் பழைய நகரத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

அப்பாவின் தகரப் பெட்டியில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. எங்கள் தாத்தா காஜாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கங்காணியாக இருந்த காலத்தில் செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடைக் கூடத்தில், பணம் கட்டியதற்கான ரசீது அது. தலைப்பில் பிள்ளையார் சுழி, அதன் கீழே செட்டியாரின் விலாச எழுத்துகள், பிறகு நீல மையில், இந்நாட்டுப் பணத்தில், 35 வெள்ளி என்று ஒரு தொகை. அம்பாங் வீதி, கோலாலம்பூர் என்பது வரை படிக்க முடிகிறது. கதவு எண் இருந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. அந்த 35 வெள்ளி நாமக்கல்லுக்குப் போய்ச் சேர்ந்த பணமா, வட்டிக்குப் போட்ட பணமா என்று அப்பாவுக்கும் தெரியாது. வருகிறவர்கள் அதே தாத்தாவின் வழி வந்தவர்கள் என்பதால், அந்த வீதியில் அவர்களை ஒருமுறையாவது நடக்க வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நானோ, கோலாலம்பூர் என்றால் பத்துமலையையும் கல்வி இலாகாவையும் பெரிய மருத்துவமனையையும் மட்டும் அறிந்தவன். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது? என் துணைவியாருக்கு மூட்டு வலி. நடந்து பார்க்கக்கூடிய தொலைவுதானா? விருந்தினர்கள் சுத்த சைவம். பழைய கடைகள் எல்லாம் போய்விட்டன, இனி பார்க்க ஒன்றும் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது உண்மையா? அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளை:

ஐயா, வணக்கம். நான் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்து, இப்போது ஈப்போவில் இருக்கிறேன். உங்கள் ரசீதைப் பற்றிப் படித்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பலரும் உங்களை ஜாலான் பெட்டாலிங்கில் தொடங்கச் சொல்வார்கள். வேண்டாம் என்பேன். அங்கே முதலில் கண்ணில் படுவது கைப்பைகளும் கைக்கடிகாரங்களும்தான். நகரம் எப்படி உண்டானது என்பது அங்கிருந்து புரியாது. மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் இறங்கி, கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுகிற முனையில் போய் நில்லுங்கள். அந்தச் சேற்றுக் கூடலுக்குத்தான் கோலாலம்பூர் என்று பெயர். 1857-இல் கிள்ளான் பகுதித் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் படகில் வந்து இறங்கி, அம்பாங் பக்கம் வெள்ளீயம் தேடிக் காட்டுக்குள் நடந்தார்கள் என்பது வரலாறு. படகு அதற்கு மேல் போக முடியாத இடத்தில் சரக்கு இறங்கியது, சரக்கு இறங்கிய இடத்தில் கடை வந்தது, கடை வந்த இடத்தில் நகரம் வந்தது. இந்த ஒன்றைக் குழந்தைக்குச் சொல்லிவிட்டால், மீதி நாள் முழுவதும் அவளே கேள்வி கேட்டுக்கொண்டு வருவாள்.

கூடலின் நடுவே சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாகத் தெரியும் பள்ளிவாசல் 1909-இல் திறக்கப்பட்டது. ஆர்தர் பெனிசன் ஹபேக் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது. வட இந்தியாவின் முகலாயக் கட்டடங்களைப் பார்த்து அவர் எடுத்துக்கொண்ட வளைவுகளும் குவிமாடங்களும் அவை என்பதால், விருந்தினர்களுக்கு எங்கோ பார்த்த நினைவு வரலாம். மறுகரையில் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், 1897. அதற்கு எதிரே உள்ள திடலில்தான் 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. அங்கே வெயிலில் அதிக நேரம் நிற்காதீர்கள். தூரத்தில் இருந்து பார்த்தாலே போதும்.

இனி உங்கள் வீதிக்கு வருகிறேன். லெபோ அம்பாங் அந்த நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். அம்பாங் சுரங்கங்களுக்குப் போன வழி ஆதலால் அந்தப் பெயர். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைச் செட்டித் தெரு என்றே சொல்வார்கள். முகப்பு ஒடுங்கியும் உட்புறம் மிக நீண்டும் கிடக்கும் மாடிக் கடைகள் இருபுறமும் வரிசையாக நிற்கும். முன்னால் அஞ்சடி எனும் கூரையிட்ட நடைபாதை ஓடும். மழைக்கும் வெயிலுக்கும் அந்த அஞ்சடியிலேயே நடக்கலாம் என்பதால் உங்கள் துணைவியாருக்கும் சிரமம் குறைவு. ஆனால் ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையே படி ஏறி இறங்கும், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கிட்டங்கி எப்படி இருந்தது என்பதைக் குழந்தைக்குச் சொல்லுங்கள். நீண்ட கூடத்தில் மேசை நாற்காலி கிடையாது. சுவரோரமாகத் தரையில் பாய் விரித்து, ஆளுக்கொரு சின்ன மரப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு தனி வட்டிக்கடை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை உண்டு. பெட்டியடிப் பையனுக்கு உங்கள் விருந்தாளிப் பெண்ணைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். மேலாட்கள் குடும்பத்தைச் செட்டிநாட்டில் விட்டுவிட்டு, மூன்று ஆண்டுக் கணக்குக்கு வந்து போவார்கள். வெள்ளைக்காரன் வங்கி படியேற விடாத சின்னத் தோட்டக்காரருக்கும் கடைக்காரருக்கும் ஈயச் சுரங்கக்காரருக்கும் கடன் கொடுத்தவர்கள் அவர்கள். கங்காணிகளின் சேமிப்பும் அங்கே வந்து சேர்ந்தது. உங்கள் தாத்தா காஜாங்கில் ரயிலேறி வந்திருந்தால், நீங்கள் நிற்கும் அதே அஞ்சடியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போயிருப்பார்.

ஒரு தூணுக்கு அருகில் போய்ப் பாருங்கள். பூச்சு உரிந்த இடத்தில் செங்கல் தெரியும். விரலால் தொட்டால் சிவப்புத் தூள் ஒட்டும். 1881-இன் தொடக்கத்தில் இந்த நகரம் தீயில் எரிந்தது. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளத்தில் மூழ்கியது. ஓலையும் பலகையுமாக இருந்த வீடுகள் பல அழிந்துபோயின. அதன் பின் ரெசிடெண்ட் எனும் பிரிட்டிஷ் ஆட்சி அதிகாரியாக வந்த சுவெட்டன்ஹாம், இனிக் கட்டுவதெல்லாம் செங்கல்லும் ஓடுமாக இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். சீனர்களின் தலைவரான காப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் சூளைகள் போட்டார். அந்தச் சூளைகள் இருந்த இடம்தான் நான் பிறந்த பிரிக்பீல்ட்ஸ்.

அங்கிருந்து மேடான் பாசார் வழியாக நடந்தால் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில். 1873-இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கியது; 1885-இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடப்பதற்கும் இந்தக் கோயிலே மூலம். தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுவதும் இங்கிருந்துதான். ஐந்து நிலைக் கோபுரம், 22.9 மீட்டர். தெருவில் சற்றுப் பின்வாங்கி நின்று தலையை நிமிர்த்தினால், அதே வானத்தில் 678.9 மீட்டர் உயரமுள்ள மெர்டேக்கா 118 தெரியும். இரட்டைக் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வரும் குழந்தைக்கு இந்த ஒரு காட்சியைக் காட்டிவிட்டால் போதும் என்பது என் எண்ணம்.

பிரிக்பீல்ட்ஸைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று நினைப்பீர்கள். ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசைகள் பெரும்பாலும் இன்று இல்லை. விளக்கு அலங்காரங்களும் வண்ண வளைவுகளும் போட்ட கடைத்தெருவைப் பழைய நகரம் என்று காட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் விட்டுவிடுங்கள் என்பேன்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கோல கங்சார்:

ஐயா, அண்ணன் சொன்ன வழியில் ஒவ்வொரு அடியையும் நான் ஏற்கிறேன். எங்கள் பள்ளி மாணவர்களை அதே வழியில் அழைத்துப் போயிருக்கிறேன். ஆனால் பிரிக்பீல்ட்ஸை விட்டுவிடச் சொன்னதை மட்டும் ஏற்க மாட்டேன். பிறந்த வீடு இடிந்துவிட்ட வருத்தத்தில் அண்ணன் பேசுகிறார். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சுங்கை சிப்புட்டிலிருந்து போகிறவர்கள் அந்தப் பெரிய சாலையின் பெயர்ப்பலகைக்குக் கீழே நிற்காமல் திரும்பக் கூடாது. முன்பு பிரிக்பீல்ட்ஸ் ரோடு என்று இருந்தது, இன்று ஜாலான் துன் சம்பந்தன். அந்தத் துன் சம்பந்தன் 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர். தோட்டங்கள் துண்டு போடப்பட்டுத் தொழிலாளர்கள் லயக் குடியிருப்பை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, ஆளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்க வைத்தவர். கங்காணி வழி வந்த குடும்பத்துக்கு அந்தப் பெயர்ப்பலகையில் படிக்க நிறைய இருக்கிறது.

பக்கத்திலேயே விவேகானந்தா ஆசிரமக் கட்டடம் இருக்கிறது. ரயில்வேயில் எழுத்தர்களாக வந்த இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ கந்தசுவாமி கோயில் ஜாலான் ஸ்காட்டில் இருக்கிறது. தண்டவாளம் போட்ட தமிழரும் அலுவலகத்தில் கணக்கு எழுதிய தமிழரும் ஒரே வட்டாரத்தில், ஆனால் தனித்தனியாக வாழ்ந்த கதை அங்கேதான் விளங்கும். சைவச் சாப்பாட்டுக்கும் அதைவிட நல்ல இடம் இல்லை. நண்பகலில் வாழையிலை போட்டு உட்கார்ந்துவிடுங்கள். காலையில் பசியாறுவதை மட்டும் லெபோ அம்பாங் பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

பயணத்துக்கு: சுங்கை சிப்புட்டிலிருந்து மின்ரயிலில் கே.எல். சென்ட்ரல் ஏறக்குறைய மூன்று மணி நேரம். விடுமுறையில் இடம் நிறைந்துவிடும், இப்போதே சீட்டு எடுங்கள். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. நகர ரயில் ஏறினால் முதல் நிறுத்தம் பாசார் செனி, இரண்டாவது மஸ்ஜிட் ஜாமெக். பாதி வழியில் அம்மாவுக்கு மூட்டு வலித்தால் பாசார் செனியிலேயே ரயில் ஏறிவிடலாம். அந்த நிலையத்தின் அருகில் உள்ள நீல நிறக் கட்டடத்தின் சந்தை 1888-இல் மீன், காய்கறிச் சந்தையாகத் தொடங்கியது. எண்பதுகளில் கட்டடத்தை இடிக்கப் பார்த்தார்கள். மரபு காக்கும் அமைப்புகள் தடுத்து நிறுத்தியதால் கைவினைச் சந்தையாகப் பிழைத்தது. உள்ளே குளிர்சாதனமும் உட்கார இடமும் உண்டு என்பதே உங்களுக்கு முக்கியம்.

வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். அன்று நண்பகல் தொழுகைக்குக் கூட்டம் நிறையும். பள்ளிவாசலுக்குள் பார்வையாளர்கள் போக முடியாது. மற்ற நாட்களில் தொழுகை நேரம் அல்லாதபோது விடுவார்கள். மூடிக்கொள்ள அங்கி வாசலிலேயே கொடுப்பார்கள். மாரியம்மன் கோயிலுக்கு உச்சிக்காலத்துக்கு முன் போய்விடுங்கள். நான் முதல் முறை மாணவர்களை அழைத்துப் போனபோது, திடலில் ஒரு மணி நேரத்தை வீணாக்கிவிட்டு நண்பகல் கடந்து கோயிலை அடைந்தேன், நடை சாத்தியிருந்தது. அத்தனை பிள்ளைகளும் வாசலில் வெறுங்காலோடு நின்ற அந்தச் சூட்டை இன்றும் மறக்கவில்லை.

அன்று எங்களைக் காப்பாற்றியவர் கோயிலுக்கு வெளியே பூக்கட்டும் ஓர் அம்மா. நிழலுக்குப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மடியில் மல்லிகை, இடது கைக் கட்டைவிரலில் நார். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம் என்று காம்பை மாற்றி வைத்து, நாரை ஒரு சுற்றுச் சுற்றி இழுப்பார். எங்களோடு பேசிக்கொண்டே கையைப் பார்க்காமல் கட்டினார். முழம் போட்டுக் காட்டச் சொல்லி ஒரு மாணவி கேட்டாள். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அளந்து காட்டி, "உன் கைக்கு அளந்தால் எனக்கு லாபம், என் கைக்கு அளந்தால் உனக்கு லாபம்" என்றார். அந்த மாணவி திரும்பி வந்து எழுதிய கட்டுரையில் கோபுரத்தைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. மீதியெல்லாம் பூக்கார அம்மா. ஆகவே உங்கள் விருந்தாளிப் பெண்ணுக்கு ஆண்டுகளை நிறையச் சொல்லாதீர்கள் ஐயா.

அம்பாங் வீதியில் வேலை பார்த்தவன்:

வணக்கம் ஐயா, வணக்கம் டீச்சர். லெபோ அம்பாங்கில் ஒரு கடையில் ஆறு ஆண்டு வேலை செய்தேன். எங்கள் குடும்பமும் தோட்டத்திலிருந்து வந்ததுதான். கதவு எண் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அந்த வீதி நீளமானது அல்ல. ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பினால், தாத்தா ஏறிய படியை எப்படியும் கடந்திருப்பீர்கள்.

பழைய கடைகள் போய்விட்டனவா என்று கேட்டிருந்தீர்கள். பல போய்விட்டன. சில இடங்களில் முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே தங்கும் விடுதியும் காப்பிக் கடையும் கட்டியிருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அந்த வீதிகளின் வேலை நின்றுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோத்தா ராயா, ஜாலான் சீலாங் பக்கம் போய்ப் பாருங்கள். நேப்பாளத்தாரும் வங்காளதேசத்தாரும் மியன்மார்காரர்களும் கூட்டம் கூட்டமாக நிற்பார்கள். பணம் அனுப்பும் கடைகளின் முன்னால் வரிசை. ரசீதை வாங்கி, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்து மேலே ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். நான் தினமும் பார்த்த காட்சி. உங்கள் 35 வெள்ளிச் சீட்டைப் பற்றிப் படித்தவுடன் எனக்கு அந்தச் சட்டைப் பைகள்தான் நினைவுக்கு வந்தன. அவர்களைப் பார்த்து ஒதுங்கிப் போகச் சொல்லும் வழிகாட்டிகள் உண்டு. நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். கேட்காமல் படம் மட்டும் எடுக்காதீர்கள். அவர்களுக்கும் நம் பெரியவர்களுக்கு இருந்த கூச்சம்தான்.

ஜாலான் மஸ்ஜிட் இந்தியா பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய, தமிழ் ஒலிக்கும் பள்ளிவாசல் அது. நாமக்கல்லிலிருந்து வருகிறவர்கள் அங்கே கடைப்பெயர்களைப் படித்து மகிழ்வார்கள்.

மாலையில் களைப்பு இல்லையென்றால் கம்போங் பாரு. மலாய்க்காரர்களின் குடியிருப்பாக 1900-ஐ ஒட்டி ஒதுக்கப்பட்ட இடம். தூணின் மேல் நிற்கும் பலகை வீடு, முற்றத்தில் வாழை, கூரைக்கு நேர் மேலே இரட்டைக் கோபுரம். அந்தக் கோபுரம் நிற்கிற நிலம் முன்பு குதிரைப் பந்தயத் திடல் என்பதையும் சொல்லுங்கள். சைவ உணவு அங்கே கிடைப்பது கடினம், சாப்பிட்டுவிட்டே போங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், சுங்கை சிப்புட்:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இதை அச்சடித்துத் துணைவியாருக்கும் படித்துக் காட்டினேன். பூக்கார அம்மா பகுதியை இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

முதலில் சனிக்கிழமை போவதாக இருந்தோம். தம்பி எழுதியதைப் படித்தபின் பழைய நகரை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். சனிக்கிழமை காலை ரயிலில் போய் அன்று இரட்டைக் கோபுரம்; மறுநாள் ஏழரைக்கெல்லாம் கூடல் முனை, லெபோ அம்பாங்கில் பசியாறல், உச்சிக்கு முன் மாரியம்மன் கோயில், பிரிக்பீல்ட்ஸில் சாப்பாடு. ரயில்வே குவார்ட்டர்ஸ் தம்பி, வருத்தம் கொள்ளாதீர்கள். துன் சம்பந்தன் பெயர்ப்பலகையின் கீழ் நிற்கும்போது குவார்ட்டர்ஸ் எந்தப் பக்கம் இருந்தது என்று நானும் கேட்டுப் பார்க்கிறேன். தெரு அடையாளம் ஏதேனும் நினைவிருந்தால் எழுதுங்கள்.

கம்போங் பாரு அந்தக் குழந்தையின் கால்களைப் பொறுத்தது.

அசல் சீட்டைக் கொண்டுபோக வேண்டாம் என்று மகள் சொல்கிறாள்; மழையில் நனைந்தால் போயிற்று. நகல் எடுத்து உறையில் போட்டுக் குழந்தையிடம் கொடுக்கப் போகிறேன். கதவுகளைப் பார்த்துக்கொண்டு முன்னால் நடப்பவள் அவளாக இருக்கட்டும்.